ஆறு நிமிடம் முன்னால்

ஜனவரி 12, வெள்ளி

கப்பலிலிருந்து இன்று முதல் கருவி இறங்கியது. மண்குழாய் என்கிறோம். லாரி நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய், அதன் தலையில் ஒரு டன் ஈயம். கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கடலடியில் குத்தி, உள்ளே ஏறிய சேற்றோடு மேலே இழுப்பார்கள். அந்தச் சேற்றின் அடுக்குகளைப் பார்த்தால் ஆயிரக்கணக்கான வருடங்களாக மழை எப்படிப் பெய்தது என்று தெரியுமாம்.

இறக்குவதற்கு முன் தேங்காய் உடைத்தார்கள். குழாய்க்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. தலைமை விஞ்ஞானி டாக்டர் சிவபாலன் பட்டு வேட்டியில் வந்திருந்தார். லேப்பில் பெரிய திரை. டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி அதில் கைகூப்பியபடி தோன்றினார். அவருக்குப் பன்னிரண்டு மணிக்கு வேறு விழாவாம், சீக்கிரம் சீக்கிரம் என்று எல்லோரும் ஓடினார்கள். குழாய் தண்ணீரைத் தொட்டபோது லேப் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. என் கைக்கடிகாரத்தில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. பிளாட்பாரத்தில் வாங்கியது. பேட்டரி மாற்ற வேண்டும்.

கப்பலில் நான்கு பெண்கள். மூன்று பேர் விஞ்ஞானிகள், மேல்தளத்தில் அதிகாரிகளுடன் சாப்பிடுகிறார்கள். நான் நெட்வொர்க் டெக்னீஷியன், கீழே சாப்பிடுகிறேன். ஆள் அனுப்பும் ஏஜென்சி வழியாக வந்த ஒப்பந்த ஊழியர். ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஜனவரி 13, சனி

வாந்தி. வேறொன்றும் நடக்கவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

கடலடி ஆழம் அளக்கும் குழுவிலிருந்து புகார். அவர்கள் பதிவும் விஞ்ச் பதிவும் நேரத்தில் ஒத்துப்போகவில்லை. என் மேலதிகாரி தினகர் சார், "ஒரு ரவுண்டு போய் எல்லா மெஷின்லயும் டைம் பாத்துட்டு வா மதி" என்றார். அவர் நிரந்தர ஊழியர். சேரை விட்டு எழுந்தால் அந்த நிரந்தரம் குறைந்துவிடும் என்று பயம்போல.

இந்தக் கப்பலில் கணினிகள் எதுவும் தன் இஷ்டத்துக்கு நேரம் காட்டாது. நடுவில் ஒரு சர்வர் இருக்கிறது. மாடியில் உள்ள ஆண்டெனா வழியாகச் செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தை வாங்கி எல்லாக் கணினிகளுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் கொடுக்கும். கப்பலைச் செலுத்தும் அறை, லேப், இயந்திர அறை என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. விஞ்ச் அறை மட்டும் நான்கரை நிமிடம் முன்னால் ஓடுகிறது.

விஞ்ச் என்பது கம்பிவடத்தைச் சுருட்டி இழுக்கும் பெரிய உருளை. அதை ஓட்டுபவர் கஸ்பார். தூத்துக்குடிக்காரர், ஐம்பது வயது இருக்கும். அவரும் ஒப்பந்தம்தான், வேறு ஏஜென்சி. நான் உள்ளே போனதும் காலை மடக்கி வழிவிடக்கூட இல்லை.

"என்ன புள்ள, கூட்டிப் பெருக்க வந்தியா?"

"உங்க கம்ப்யூட்டர்ல டைம் தப்பா இருக்குண்ணே."

"எனக்கெதுக்கு டைமு? வெளக்கு எரிஞ்சா நிப்பாட்டணும். அம்புட்டுதான் வேல."

அவர் அறையில் கேமரா திரை கிடையாது. கெட்டுப்போய் ஒரு வருடமாகிறது, வாங்கித் தரவில்லை. கம்பி எவ்வளவு வெளியே இருக்கிறது என்று காட்டும் மீட்டரும் ஆழத்தில் போனால் வழுக்கிவிடும். அதனால் கம்பியின் நுனியிலிருந்து ஐம்பதாவது மீட்டரில் சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அந்தச் சிவப்பு தண்ணீரை விட்டு வெளியே வருவதை லேப்பில் கேமராவில் பார்ப்பவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கஸ்பாரின் தலைக்கு மேல் விளக்கு எரியும். அவர் நிறுத்த வேண்டும். பிறகு தளத்தில் நிற்பவர்களின் கைச்சைகைப்படி அங்குலம் அங்குலமாக ஏற்ற வேண்டும்.

"பொம்பளப் புள்ளைக்குக் கப்பல்ல என்ன சோலின்னு கேக்கேன். கலியாணம் ஆயிட்டா?"

நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து தினகர் சாரிடம் சொன்னேன். இந்தக் கஸ்பாரை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். கீழ் மெஸ்ஸிலும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். முந்திரி மேல்தளத்திலேயே நின்றுவிட்டது.

கஸ்பாருக்கு இன்று மெமோ. விளக்கு எரியுமுன் தானாக விஞ்சை நிறுத்திவிட்டார். கம்பி முடியப்போகிறது என்று கைக்குத் தோன்றியதாம். அப்போது குழாய் இருநூறு மீட்டர் கீழே இருந்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்து மறுபடி இழுப்பதற்குள் பாதிச் சேறு கரைந்துபோனது. "இனி விளக்கு எரியாமல் நிறுத்தக் கூடாது" என்று டாக்டர் சிவபாலன் எழுத்தில் கொடுத்திருக்கிறார். கஸ்பார் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலையில் இருந்து யாரையாவது திட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஜனவரி 17, புதன்

விஞ்ச் கடிகாரத்தைத் தினமும் பார்க்கிறேன். பிழை குறைந்துகொண்டே வருகிறது. யாரும் தொடவில்லை. இன்று இரண்டரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

கையேட்டைப் படித்தபோது புரிந்தது. மற்றக் கணினிகள், சர்வர் நேரம் மாறினால் உடனே தாவிச் சேர்ந்துகொள்ளும். விஞ்ச் கணினி தாவாது. கம்பியின் இழுவிசையை விநாடிக்கு விநாடி கணக்கிடும் இயந்திரம் அது. நேரம் தாவினால் கணக்கு குழம்பும். அதனால் ஆன் செய்யும்போது மட்டும் சர்வர் சொல்லும் நேரத்தை அப்படியே ஏற்கும். அதன்பின் தவறு தெரிந்தால், ஒவ்வொரு விநாடியையும் ஒரு மயிரிழை நீட்டி மெல்ல நடந்து வந்து சேரும். ஒரு நாளைக்கு முக்கால் நிமிடம் அளவுக்குத்தான் நடக்கும்.

பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். வெள்ளிக்கிழமை நடுப்பகல், ஆறு நிமிடம். விஞ்சை முதன்முதலில் ஆன் செய்த நேரம்.

தினகர் சாரிடம் போனேன். "வெள்ளிக்கிழமை மத்தியானம் சர்வர்ல என்ன சார் நடந்துச்சு?"

சிரித்தார். "உனக்குத் தெரியாதா? லேப்ல எல்லாருக்கும் தெரியுமே. ராகுகாலம் பன்னெண்டு வரைக்கும். டெல்லிக்காரர் பன்னெண்டுக்கு எந்திரிச்சுப் போயிடுவாரு. சிவபாலன் சார் என்னதான் பண்ணுவாரு, பாவம்? பின்னாடி சுவர்க் கடிகாரம் வேற திரையில தெரியும். பதிவுலயும் ஆட்டோமேட்டிக்கா டைம் விழுந்துடும். அவரு சொல்லித்தான் ஆண்டெனா வயரைக் கழட்டிட்டு கையால ஆறு நிமிஷம் தள்ளி வச்சேன்."

"ராகுகாலத்தை நீங்களே முடிச்சு வச்சிட்டீங்க."

"ஒரு மணி நேரத்துல பழையபடி மாட்டிட்டேன்ல? யாருக்கு என்ன நஷ்டம்?"

விஞ்ச் இன்னும் முன்னால் ஓடுவதைச் சொன்னேன். ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் போதும் என்றேன். வேலை நடக்கும்போது விஞ்சை நிறுத்த சிவபாலன் சாரிடம் அனுமதி கேட்க வேண்டும், அனுமதி கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

"ரெண்டு மூணு நாள்ல தானா சரியாயிடும்னு நீயே சொல்ற. விடு மதி."

விட்டேன்.

எங்கள் வீட்டில் ராகுகாலத்தில்தான் நல்ல காரியம் வைப்போம். அப்பா திருவொற்றியூர் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். அவருக்கு எட்டாம் வகுப்பு. இங்கே மேல்தளத்தில் ஏழு பேர் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்.

ஜனவரி 19, வெள்ளி

மதியம் குழாய் போய்விட்டது.

மழை. தளத்தில் இருந்தவர்கள் ஒதுங்கி நின்றிருக்கிறார்கள். குழாய் வேகமாக மேலே வந்து, கப்பலின் பின்புறம் வடத்தைத் தாங்கும் சட்டத்தின் கப்பியில் மோதி, வடம் அறுந்தது. அறுந்த நுனி சாட்டைபோல் திரும்பி வந்து இரும்புக் கதவில் ஒரு தழும்பு போட்டிருக்கிறது. அங்கே யாரும் நிற்கவில்லை. குழாய் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. இந்தப் பயணத்தின் மிக நல்ல சேறு அதில்தான் இருந்ததாம். வேறு குழாய் கப்பலில் இல்லை.

பொத்தானருகே உட்கார்ந்திருந்தது டாக்டர் சிவபாலனே. முக்கியமான மாதிரி என்பதால், பணியில் இருந்த ஆராய்ச்சி மாணவரை எழுப்பிவிட்டுத் தானே அமர்ந்தாராம். மாலையில் பிரின்டர் சரிசெய்ய லேப்புக்குப் போனேன். முகம் கறுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவரிடம், "ஃபோன்ல பேசிட்டே இருந்தேன். நானும் கொஞ்சம் லேட்டா அமுக்கிட்டேனோ?" என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

ஜனவரி 20, சனி

காலையில் பதிவுகளை எடுத்து ஒப்பிட்டார்கள். பொத்தானை அழுத்திய நேரம் லேப் கணினியில் இருக்கிறது. விஞ்ச் நின்ற நேரம் விஞ்ச் கணினியில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு நிமிடம். ஆக, சிவபாலன் சார் சரியான நேரத்தில் அழுத்தியிருக்கிறார். கஸ்பார் ஒரு நிமிடம் தூங்கியிருக்கிறார், அல்லது செல்ஃபோன் பார்த்திருக்கிறார். சார் முகம் தெளிந்துவிட்டது. யாரையும் ஏமாற்றுகிற முகம் இல்லை அது. இயந்திரம் சொன்னதை நம்பிவிட்ட முகம்.

கஸ்பாரின் கடற்பணிப் புத்தகத்தில் குறிப்பு எழுதப்போகிறார்களாம். அது எழுதப்பட்டால் அந்த ஆளை இனி மீன்பிடிப் படகில்கூட ஏற்ற மாட்டார்கள்.

விஞ்ச் அறைக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"வெளக்கு எரிஞ்சதும் நிப்பாட்டினேன் புள்ள. அப்படித்தான் நெனச்சேன். கம்ப்யூட்டரு பொய் சொல்லுமா? கண்ணசந்திருப்பேன்போல. வயசாயிட்டுல்லா."

கடிகாரத்தைப் பார்த்தேன். கால் நிமிடம்தான் முன்னால் இருந்தது. நேற்று மதியம் இது ஏறக்குறைய ஒரு நிமிடமாக இருந்திருக்கும். அதே ஒரு நிமிடம். விளக்கு எரிந்தபோதே விஞ்சும் நின்றிருக்கிறது. விளக்குத்தான், அதாவது பொத்தானை அழுத்தியதுதான், தாமதம்.

தினகர் சாரை இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். என் ஃபோனில் சர்வர் நேரத்தையும் விஞ்ச் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கணக்கை ஒருமுறை வாய்க்குள் போட்டுப் பார்த்தார். "இன்னைக்கு ராத்திரிக்குள்ள சரியாயிடும் இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

சிவபாலன் சாரின் அறைக்குச் சொல்லத்தான் போனேன். உட்காரச் சொன்னார். இந்தக் கப்பலில் என்னை உட்காரச் சொன்ன முதல் அதிகாரி. "உன் வேலையப் பத்தி தினகர் சொல்லிட்டே இருப்பார்மா. ஏப்ரல்ல ஒரு பர்மனென்ட் போஸ்ட் வருது. அப்ளை பண்ணு, நான் எழுதித் தரேன்" என்றார். நன்றி சொன்னேன். மிகவும் களைப்பாக இருந்தார். நாளைக் கூட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன்.

ஜனவரி 21, ஞாயிறு

எழுந்ததும் விஞ்ச் கடிகாரத்தைப் பார்த்தேன். மிகச் சரியாக இருக்கிறது. புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை நான்.

பத்து மணிக்கு மேல்தள மெஸ்ஸில் கூட்டம். கேப்டன் குரியன் நடுவில். ஒரு பக்கம் சிவபாலன் சார், தினகர் சார். கஸ்பார் கதவோரம், நின்றுகொண்டு. அவருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டால் புத்தகத்தில் குறிப்பு கொஞ்சம் மென்மையாக இருக்கும் என்றார்கள். அவர் பேனாவைக் கையில் எடுத்துவிட்டார்.

நான் பேசினேன். தேவைக்கு மேல் சத்தமாகப் பேசினேன். இரண்டு கடிகாரங்களை ஒப்பிட்டிருக்கிறீர்கள், ஒன்று தவறான கடிகாரம், பன்னிரண்டாம் தேதி அதைத் தவறாக்கியது நாம், அது மெதுவாகத்தான் திருந்தும், நேற்றுத்தான் திருந்தி முடித்தது என்றேன்.

"இப்ப பாத்தா சரியா இருக்குமா?" என்றார் கேப்டன்.

"இருக்கும் சார்."

"பின்னே எப்படி நம்பறது?"

தினகர் சார் மேஜை விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நேத்து நான் பாத்தேன் சார். வித்தியாசம் இருந்தது" என்றார்.

அதை நான் எதிர்பார்க்கவில்லை.

சிவபாலன் சார் கண்ணாடியைக் கழற்றினார். கோபமாகத் தெரியவில்லை. "நீ சொல்றது சரியா இருக்கலாம்மா. அப்ப முதல் நாள் டேட்டா முழுக்க டைம் தப்புன்னு நான் எழுதணும். ஏன்னு கேப்பாங்க. என்னன்னு எழுதறது?"

"ராகுகாலம்னு எழுதுங்க சார்."

கேப்டன் சத்தமாகச் சிரித்துவிட்டார். "எந்தா இது, ராகுகாலமோ?" வேறு யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார் பேனாவைத் திருப்பிக் கொடுக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

ஜனவரி 22, திங்கள்

கஸ்பார் மீதான நடவடிக்கை ரத்து. காரணம்: கணினி நேரப் பிழை. புத்தகத்தில் குறிப்பு எதுவும் இல்லை.

நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 23, செவ்வாய்

பிழை என்று எழுதிவிட்டால் அதற்கு ஒரு பெயர் வேண்டும். இன்று எனக்கு மெமோ வந்தது. "கணினிகளின் நேர ஒத்திசைவைக் கவனிக்கத் தவறியமை. கரை சேருமுன் விளக்கம் தரவும்." நகல் ஏஜென்சிக்கு. கையெழுத்து, பிரிவுப் பொறுப்பாளர் தினகர்.

கேட்கப் போனேன். கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "நான் உன்ன காட்டிக் கொடுக்கல மதி. முந்தாநேத்து நான்தான சாட்சி சொன்னேன்? யாராவது ஒருத்தர் பேர் போட்டாகணும். எனக்குன்னா என்கொயரி வரும், ப்ரமோஷன் போயிடும். உனக்கு எப்படியும் மார்ச்ல முடியுது. கவனக்குறைவு, இனி கவனமா இருப்பேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடு. சாரே ஃபைல மூடிடுவாரு."

"பதினாலாம் தேதியிலிருந்து உங்ககிட்ட சொல்றேன் சார்."

"வாயால சொன்ன. எழுதிக் கொடுத்தியா?"

இல்லை.

மாலை, டீ நேரத்தில் கஸ்பார் என் மேஜைக்கு வந்தார். இதுவரை வந்ததில்லை. மெமோ விஷயம் கப்பல் முழுக்கத் தெரிந்துவிட்டது. தன் டம்ளரில் இருந்த டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார்.

"பரவால்ல புள்ள. தப்பு எல்லாருக்கும் நடக்கும். நான் மனசுல வச்சுக்கிடல."

எனக்கு முதலில் புரியவில்லை.

"கடியாரம் ஒன் பொறுப்பாம்லா? கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம். இருந்தாலும் கூட்டத்துல எந்திரிச்சு ஒத்துக்கிட்ட பாரு, அதுக்கு ஒரு மனசு வேணும். எங்க ஆள்களே ஒத்துக்கிட மாட்டாவ."

"அண்ணே, வெளக்க லேட்டா போட்டது யாரு தெரியுமா?"

"யாரு?"

"சிவபாலன் சார். ஃபோன்ல பேசிக்கிட்டு இருந்தார்."

என்னையே பார்த்தார். பிறகு அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "படிச்ச மனுசன், அப்படியெல்லாம் செய்வாரா? நேத்து கூட என் தோளத் தட்டி, 'போனது போகட்டும் கஸ்பார்'னாரு. யாரு அப்படிச் சொல்லுவா?"

டீ ஆறிப்போய் இருந்தது. குடித்தேன்.

ஜனவரி 24, புதன்

நாளைக் காலை துறைமுகம். விளக்கக் கடிதம் எழுதி முடித்தேன். ஒரு பக்கம். யார் சொல்லி, யார் கையால், எதற்காக நேரம் மாற்றப்பட்டது. அதன் பிறகு நான் யாரிடம் என்ன சொன்னேன். பொத்தானருகே யார் இருந்தார், அன்று மாலை அவரே என்ன கேட்டார். இருபதாம் தேதி அவர் அறைக்குப் போய் ஏன் சொல்லாமல் திரும்பினேன் என்பதையும் எழுதினேன். அந்த வரியை இரண்டு முறை கோடு போட்டு அடித்தேன், மூன்றாம் முறை அப்படியே விட்டுவிட்டேன்.

தினகர் சார் எட்டிப் பார்த்தார். "ராகுகாலம்ங்கற வார்த்தைய மட்டுமாவது எடுத்துடு" என்றார். எடுக்கவில்லை. அவர் நிற்கவும் இல்லை.

கஸ்பார் தளத்தில் அறுந்த வடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், "உங்க பேரு இதுல வருது. கேளுங்க" என்று கடிதத்தை முழுக்க வாசித்தேன். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார். பொத்தான் பற்றிய இடத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது கெட்ட வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"அப்ப நான் தூங்கல."

"தூங்கல."

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "இதக் குடுக்காத புள்ள" என்றார்.

"ஏன்?"

"ஒனக்கு வேல போயிரும். அந்த போஸ்டும் கெடைக்காது."

"நான் அன்னைக்குப் பேசலன்னா உங்களுக்குப் போயிருக்கும்லண்ணே."

"எனக்குத்தான் போகலயே" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். குனிந்து வடத்தை எடுத்தார். அதன்பின் என் பக்கம் திரும்பவில்லை.

ஜனவரி 25, வியாழன்

கடிதத்தைக் கொடுத்துவிட்டேன். ஒரு நகல் கேப்டனுக்கும்.